வேகஸ் படங்களில் பணத்தை யார் எண்ணுகிறார்கள்?

‘ஒரு ஊர், சில படங்கள்’ வரிசையில இன்னைக்கு லாஸ் வேகஸ். போன தடவை மும்பை பேசினப்போ நிறைய பேர் கேட்டிருந்தீங்க, சூதாட்ட ஊர் படங்கள் பண்ணுங்கன்னு. சரி, பண்ணிடலாம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் வேகஸ் போனதில்லை. எனக்குத் தெரிஞ்ச வேகஸ் முழுக்கத் திரையில பார்த்ததுதான். அதுல பெரிய குறை ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறேன், ஏன்னா அந்த ஊரே பாதி செட்டுதான். பாலைவனத்து நடுவுல ஒரு ஈஃபில் கோபுரம், ஒரு பிரமிடு, கூரைக்குக் கீழ வெனிஸ் கால்வாய். படங்கள்ல ஹெலிகாப்டர் ஷாட்டுல காட்டுவாங்களே, விளக்கு விளக்கா ஒரு நீளமான ரோடு, ‘ஸ்ட்ரிப்’. அதோட பெரும்பகுதி சட்டப்படி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளயே இல்லை. பக்கத்துல ‘பாரடைஸ்’னு ஒரு பகுதி, அதுல இருக்கு. மனுஷன் மாசச் சம்பளத்தை ஒரே ராத்திரியில விடுற இடத்துக்கு சொர்க்கம்னு பேர். இதை நான் ஜோக்குக்காகச் சொல்லல, மேப்ல பாருங்க.

நெவாடா மாநிலத்துல சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினது 1931-ல. அதுக்கப்புறம் அந்த ஊரை வச்சு வந்த படங்களுக்குக் கணக்கே இல்லை. எல்விஸ் பாடியிருக்கார், ஜேம்ஸ் பாண்ட் கார் ஓட்டியிருக்கார், செவ்வாய் கிரகத்துக்காரங்க வந்து குண்டு போட்டிருக்காங்க. அதையெல்லாம் வரிசையாச் சொன்னா உங்களுக்கும் போர், எனக்கும் போர். அதனால ஒரு வேகஸ் படம் பார்க்கும்போது நான் எனக்குள்ள கேட்டுக்குற ஒரே கேள்வியை மட்டும் வச்சுப் பேசறேன். இந்தப் படத்துல பணத்தை யார் எண்ணுறாங்க? மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுறவனா, இல்ல பின்னாடி கதவைச் சாத்திக்கிட்டு எண்ணுறவனா? சுமாரான வேகஸ் படம் முழுக்க மேஜையிலயே உட்கார்ந்திருக்கும். நல்ல வேகஸ் படம் எப்பவாவது ஒரு தடவை அந்தப் பின்கதவைத் திறந்து காட்டிடும்.

அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். ஓடிடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். அமெரிக்க ரூலெட் சக்கரத்துல 38 குழி. 1-ல இருந்து 36 வரைக்கும் நம்பர், அதோட ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். ஒரு நம்பர் மேல ஒரு டாலர் வைக்கிறீங்க, அது விழுந்துடுச்சுன்னா 35 டாலர் லாபம், நீங்க வச்ச ஒரு டாலரும் திரும்ப வரும். மொத்தம் 36. இப்போ 38 குழியிலயும் ஆளுக்கொரு டாலர் வச்சுட்டீங்கன்னு வைங்க. எது விழுந்தாலும் நீங்கதான் ஜெயிச்சீங்க. ஆனா 38 போட்டு 36 வாங்குறீங்க. அந்த ரெண்டு டாலர் வீட்டுக்காரனுக்கு. நூத்துக்கு ஐந்தேகால். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. சக்கரம் யோக்கியமாத்தான் சுத்துது. இப்படி ரெண்டு ரெண்டு டாலராச் சேர்ந்ததுலதான் ஈஃபில் கோபுரமும் பிரமிடும். நம்ம ஊர்ல சகுனி பகடையில ஏதோ பண்ணிட்டான்னு சொல்லித்தான் கதை கேட்டு வளர்ந்திருக்கோம். வேகஸுக்கு சகுனியே தேவையில்லை. அங்க பகடை நேர்மையா இருந்தாலே போதும்.

இதைத் தெளிவாச் சொன்ன படம் ‘கேசினோ’. 1995, மார்ட்டின் ஸ்கோர்செஸி. என்னைக் கேட்டா வேகஸ் படங்கள்ல இதுதான் முதல் இடம், ரெண்டாவது இடத்துக்கும் இதுக்கும் நல்ல தூரம். கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படம். அதுல முதல் ஒரு மணி நேரம் கதைன்னு பெருசா ஒண்ணும் நடக்காது. ஒரு கேசினோ எப்படி ஓடுதுன்னு ராபர்ட் டி நீரோ குரல்ல பாடம் எடுப்பாங்க. கேட்க டாக்குமென்டரி மாதிரி இருக்கும், ஆனா கண்ணை எடுக்க முடியாது.

டி நீரோ பேர் சாம் ரோத்ஸ்டீன். பந்தயம் கட்டுறதுல மேதை. எந்தக் குதிரை, எந்த டீம், எந்த ஆட்டக்காரனுக்கு என்ன காயம்னு எல்லாம் விரல் நுனியில. அவனை மாஃபியா தலைகள் கூட்டிட்டு வந்து ‘டாஞ்சியர்ஸ்’னு ஒரு கேசினோவை நடத்தச் சொல்றாங்க. டாஞ்சியர்ஸ் கற்பனை. ஆனா ரோத்ஸ்டீன் கதாபாத்திரம் ஃபிராங்க் ரோசன்தால்னு ஒரு நிஜ ஆளை வச்சு எழுதினது. படத்தோட ஆரம்பத்துல கார் வெடிக்கும் பாருங்க, அதுவும் நிஜம். 1982-ல வேகஸ்ல அவர் காருக்கு குண்டு வச்சாங்க, மனுஷன் தப்பிச்சுட்டார். நிக்கோலஸ் பிலெஜின்னு ஒரு பத்திரிகையாளர் அந்தக் கதையை விசாரிச்சுப் புத்தகமா எழுதினார், திரைக்கதையிலயும் ஸ்கோர்செஸியோட உட்கார்ந்தார்.

இந்தப் படத்துல ஒருத்தன் சாதாரணமா நடந்து வருவான், கையில பெட்டி. கேமரா அவன் பின்னாடியே போகும். ஆடுறவங்களைத் தாண்டி, கதவைத் தாண்டி, பணம் எண்ணுற ரூமுக்குள்ள. அங்க நோட்டும் காசும் மலை மாதிரி. உள்ள இருக்கிறவங்க எல்லாரும் வேற பக்கம் பார்த்துக்குவாங்க. அவன் பெட்டியை ரொப்பிக்கிட்டு வந்த வழியே போயிடுவான். வருமான வரிக் கணக்குல ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு பங்கு மாஃபியாவுக்குப் போயிடுச்சு. நான் சொன்ன பின்கதவு இதுதான். அப்புறம் யார் யாரைக் கண்காணிக்கிறாங்கன்னு ஒரு இடம். சீட்டுப் போடுறவன் ஆடுறவனைப் பார்ப்பான், அவனை மேற்பார்வை பார்க்க ஒருத்தன், அவனைப் பார்க்க இன்னொருத்தன், கடைசியில கூரையில இருந்து கேமரா எல்லாரையும் பார்க்கும். நம்பிக்கைன்னு ஒரு பொருளே அந்தக் கட்டடத்துல கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன்ல சூதாட்டமே இல்லை. ரோத்ஸ்டீன் ஒருத்தரோட உட்கார்ந்து மஃபின் சாப்பிடுறான். அவனோட மஃபின்ல ப்ளூபெர்ரி ஒண்ணு ரெண்டுதான் இருக்கு, எதிர்ல இருக்கிறவர் மஃபின்ல நிறைய இருக்கு. எந்திரிச்சு நேரா சமையல்கட்டுக்குப் போறான். இனிமே எல்லா மஃபின்லயும் ஒரே எண்ணிக்கையில பழம் இருக்கணும்னு சொல்றான். சமையல்காரர் முகத்தைப் பார்க்கணுமே! சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, வெளியில ஆயிரம் பேருக்கு அதிர்ஷ்டத்தை வித்துக்கிட்டிருக்கிறவன், தன் தட்டுல இருக்கிற மஃபின்ல கூட அதிர்ஷ்டத்துக்கு இடம் விட மாட்டேங்கிறான்.

அடுத்து அந்த ஜப்பானியப் பணக்காரர் வர்ற பகுதி. பெரிய தொகை வச்சு ஆடி ஜெயிச்சுடறார். ஜெயிச்ச பணத்தோட ஊருக்குக் கிளம்பறார். கேசினோவுக்கு அது பொறுக்குமா? விமானத்துல கோளாறுன்னு ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்திடறாங்க. மன்னிச்சுக்கங்க, இன்னைக்கு ராத்திரி இங்கயே தங்குங்க, எல்லாம் எங்க செலவுன்னு ராஜ மரியாதை. அவர் சும்மா உட்கார முடியாம சின்னச் சின்னத் தொகையா ஆட ஆரம்பிக்கிறார். சின்னதா ஆடி ஜெயிச்சா, ஐயோ பெருசா வச்சிருக்கலாமேன்னு தோணும். அந்த இடத்துல ஆள் விழுந்துட்டார். விடியும்போது ஜெயிச்சதும் போச்சு, கையில இருந்ததும் போச்சு. வள்ளுவர் ‘சூது’ன்னே ஒரு அதிகாரம் வச்சிருக்கார், 94-வது. அதுல முதல் குறள்லயே தோத்தவனைப் பத்திப் பேசல, ஜெயிச்சவனைப் பத்திதான் பேசறார். மீன் தூண்டிலை முழுங்கின மாதிரின்னு. ஸ்கோர்செஸி அதைப் படிச்சிருக்க வாய்ப்பில்லை. ஆனா அந்த ரெண்டு நிமிஷம் அந்தக் குறளுக்கு எடுத்த படம் மாதிரியே இருக்கும்.

என்கூட வேலை பார்த்த ஒருத்தரைப் பத்தி இங்க சொல்லணும், அவர் சம்மதத்தோடதான் சொல்றேன். ரம்மி ஆப். முதல் வாரத்துல நாலாயிரம் ரூபா ஜெயிச்சார், எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் வேலை டென்ஷன்ல பத்து நாள் ஆப் பக்கமே போகல. உடனே ஒரு மெசேஜ். உங்களை மிஸ் பண்றோம், உங்க கணக்குல ஐந்நூறு ரூபா போனஸ் போட்டிருக்கோம், இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆடணும். ஆடினார். எட்டு மாசத்துல தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வச்சது போய், பைக் போய், மூணு கடன் ஆப்ல கடன். அவர் வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கார். போன மாசம் நாங்க சேர்ந்து ‘கேசினோ’ பார்த்தோம். இந்த ஜப்பானியர் சீன் வந்ததும், “ஒரு நிமிஷம் நிறுத்துப்பா”ன்னார். நிறுத்தினேன். “அந்த ஐந்நூறு ரூபா இருக்கே, அதான் இந்த ஃப்ளைட் ரிப்பேர்”னார். அதுக்கு மேல எதுவும் சொல்லல. படத்தைத் தொடர்ந்து பார்த்தோம்.

இந்த விஷயத்துல தமிழ்நாடு சட்டசபையில 2022-ல ஒரு சட்டம் வந்து, அது கோர்ட் படியெல்லாம் ஏறி, 2025-ல நாடாளுமன்றமே பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி ஒரு சட்டம் போட்டுச்சு. அதைத் தனி எபிசோடாத்தான் பேசணும். இப்போ படத்துக்கு வந்துடறேன்.

‘கேசினோ’ல குறையே இல்லையான்னா, இருக்கு. கடைசி ஒரு மணி நேரம் புருஷன் பொண்டாட்டி சண்டையிலயே போகும். ஷேரன் ஸ்டோன் பிரமாதமா நடிச்சிருப்பாங்க, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனாங்க. ஆனா ஒரு கட்டத்துல நமக்கு மூச்சு முட்டும். எல்லாத்துக்கும் கணக்குப் போடுறவன் தன் கல்யாணத்துக்கு மட்டும் கணக்கே போடலைன்னு சொல்ல வர்றாங்க, புரியுது. அதை இருபது நிமிஷம் முன்னாடியே முடிச்சிருக்கலாம். படத்தோட முடிவுல பழைய ஹோட்டல்கள் இடிஞ்சு விழும், அந்த இடத்துக்குக் கார்ப்பரேட் கம்பெனிகள் வரும். மாஃபியா போயிடுச்சு. ரூலெட் சக்கரத்துல 38 குழி அப்படியேதான் இருக்கு. இதுல ஒரு கூடுதல் சமாசாரம், டாஞ்சியர்ஸா நடிச்ச நிஜக் கேசினோ பேர் ரிவியேரா. 2016-ல அதையும் இடிச்சுட்டாங்க.

அடுத்த படம் உங்கள்ல ரொம்பப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ‘லாஸ்ட் இன் அமெரிக்கா’, 1985. ஆல்பர்ட் புரூக்ஸ் இயக்கி நடிச்சது. காமெடி. மாஃபியா இல்லை, துப்பாக்கி இல்லை. லாஸ் ஏஞ்சலஸ்ல விளம்பரக் கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தன், டேவிட். பிரமோஷன் வரும்னு காத்திருக்கான், வரல. மேனேஜர்கிட்ட கத்தித் தீர்த்து வேலையை விட்டுத் துரத்தப்படறான். பொண்டாட்டி லிண்டாவையும் வேலையை விடச் சொல்றான். வீட்டை வித்து, வீடு மாதிரியே ஒரு பெரிய வண்டி வாங்கி, மிச்சப் பணத்தை வச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்தலாம், ‘ஈஸி ரைடர்’ படத்துல வர்ற மாதிரி சுதந்திரமா வாழலாம்னு பிளான். ஐடி வேலையை விட்டுட்டு வேன் வாங்கி மலைப்பக்கம் போயிடலாம்னு ரீல்ஸ் பார்க்கிற நம்ம ஆட்களுக்கு இந்தப் பிளான் புதுசு இல்லை. முதல் ராத்திரி எங்க தங்கறாங்க? வேகஸ்ல.

காலையில டேவிட் கண் விழிக்கிறான், பக்கத்துல லிண்டா இல்லை. கீழ போய்ப் பார்த்தா ரூலெட் மேஜை. அவ ராத்திரி உடையிலயே நின்னுக்கிட்டு “இருபத்திரெண்டு, இருபத்திரெண்டு”ன்னு சக்கரத்தைப் பார்த்துக் கத்திக்கிட்டிருக்கா. அவ எப்படி ஆட ஆரம்பிச்சா, எப்போ தோத்தா, எதையும் நமக்குக் காட்ட மாட்டாங்க. நாம தூங்கி எந்திரிக்கும்போது எல்லாம் முடிஞ்சு போயிருக்கு. நான் பார்த்த சூதாட்டப் படங்கள்லயே இதுதான் சரியான ஷாட்டுன்னு சொல்வேன், ஏன்னா குடும்பத்துல இருக்கிற இன்னொருத்தருக்கு விஷயம் தெரிய வர்றது இப்படித்தான். முதல் ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டுன்னு படிப்படியா யாரும் வந்து சொல்றதில்லை. ஒரு நாள் காலையில மொத்தமாத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு சீன் வருது. டேவிட் கேசினோ மேனேஜரைப் பார்க்கப் போறான். அந்த வேஷத்துல கேரி மார்ஷல், நிஜ வாழ்க்கையில இவரே பெரிய டைரக்டர், பின்னாடி ‘பிரெட்டி உமன்’ எடுத்தவர். டேவிட் விளம்பரத்துறை ஆள் இல்லையா, பேசியே ஜெயிச்சுடலாம்னு நம்பறான். எங்க பணத்தைத் திருப்பிக் கொடுங்க, இதயம் உள்ள கேசினோன்னு ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைக்கலாம், கூட்டம் பிச்சுக்கும்ங்கிறான். நாங்க மத்த சூதாடிங்க மாதிரி இல்லை, நாங்க வேறங்கிறான். மேனேஜர் கோபப்பட மாட்டார். பொறுமையாக் கேட்பார், மரியாதையாப் பேசுவார். ஒரு டாலர் தர மாட்டார். நீங்க விழுந்து விழுந்து சிரிப்பீங்க, சிரிச்சு முடிச்சதும் வயித்துல என்னமோ பண்ணும். டேவிட்டுக்காவது கத்த ஒரு ஆள் கிடைச்சார், ஒரு மேஜை, எதிர்ல ஒரு நாற்காலி. ஆப்ல விட்டவங்க கஸ்டமர் கேர் சாட்ல டைப் பண்ணிப் பார்த்திருப்பாங்க, அவங்களுக்குத் தெரியும்.

சேமிப்புப் பணத்துக்கு இங்கிலீஷ்ல ‘நெஸ்ட் எக்’னு சொல்வாங்க, கூட்டுல இருக்கிற முட்டை. அப்புறம் வர்ற சண்டையில டேவிட் தன் பொண்டாட்டிகிட்ட சொல்வான், இனிமே நீ அந்த ரெண்டு வார்த்தையையும் வாயால சொல்லவே கூடாது, கூடுன்னும் சொல்லாதே, முட்டைன்னும் சொல்லாதேன்னு. அதையும் பார்த்துட்டு வாங்க, நான் முழுசாச் சொன்னா கெட்டுடும்.

சரி, இதெல்லாம் விட்டுட்டு ‘ஓஷன்ஸ் லெவன்’ எங்கடான்னு கேட்பீங்க. வர்றேன். அதுல ரெண்டு இருக்கு. பழசு 1960-ல வந்தது. ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர்னு ஒரு கூட்டம். ரெண்டாம் உலகப் போர்ல ஒண்ணா இருந்த பதினோரு பேர் புத்தாண்டு ராத்திரி ஒரே நேரத்துல அஞ்சு கேசினோவைக் கொள்ளையடிக்கிற கதை. உண்மையைச் சொல்லணும்னா படம் சுமார்தான். ராத்திரி சாண்ட்ஸ் ஹோட்டல்ல மேடைக் கச்சேரி, பகல்ல ஷூட்டிங்னு எடுத்திருக்காங்க, பல சீன்ல அந்தத் தூக்கக் கலக்கம் தெரியும். கடைசி பத்து நிமிஷம் மட்டும் நல்ல குறும்பு.

ஆனா இந்தப் படத்துல நான் சாமி டேவிஸைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். அந்தக் காலத்துல ஸ்ட்ரிப்ல கருப்பினக் கலைஞர்கள் மேடையில பாடலாம், கைதட்டு வாங்கலாம். அதே ஹோட்டல்ல ரூம் எடுக்கிறதும், மேஜையில உட்கார்ந்து ஆடுறதும் பெரும்பாலும் முடியாது. பாடி முடிச்சுட்டு ஊரோட மேற்குப் பக்கம் இருக்கிற தங்களோட குடியிருப்புக்குப் போகணும். இந்தப் படத்தோட ஷூட்டிங் 1960 ஆரம்பத்துல. கேசினோக்கள்ல நிறப் பாகுபாட்டை நிறுத்தறதா ஒப்பந்தம் ஆனது அதே வருஷம் மார்ச்ல, ‘மூலான் ரூஜ் ஒப்பந்தம்’னு பேர். படத்துல அந்தப் பதினோரு பேர்ல சாமி டேவிஸுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? குப்பை லாரி டிரைவர். அவ்வளவு பெரிய கலைஞன், அந்த நாட்டோட உச்சப் பாடகர்கள்ல ஒருத்தர். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த லாரி சீனைப் பார்த்தா வேற மாதிரி இருக்கும்.

2001-ல ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்தது நமக்கெல்லாம் மனப்பாடம். ஜார்ஜ் குளூனி, பிராட் பிட், அப்புறம் பிராட் பிட் கையில எப்பவும் ஏதாவது ஒரு தீனி. பெல்லாஜியோ, மிராஜ், எம்ஜிஎம் கிராண்ட், மூணுக்கும் ஒரே பெட்டகம். இது ஏன் இவ்வளவு குஷியா இருக்குன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். படம் முழுக்கப் பின்கதவைப் பத்தித்தான். கேசினோவை ஜெயிக்க ஒரே வழி ஆடாம இருக்கிறதுன்னு அந்தப் பதினோரு பேருக்கும் தெரியும். அவங்க மேஜைக்கே போகல, நேரா எண்ணி வச்ச இடத்துக்குப் போறாங்க. நம்ம எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற ஆசை அது. அவன்கிட்ட இருந்து ஒரு தடவையாவது திருப்பி வாங்கணும். கடைசியில நீரூற்று முன்னாடி எல்லாரும் வரிசையா நிப்பாங்க, டெபுஸியோட இசை, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, ஒவ்வொருத்தரா நகர்ந்து போவாங்க. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல. அந்தப் பெல்லாஜியோ நிக்கிற இடத்துல முன்னாடி டூன்ஸ்னு ஒரு பழைய கேசினோ இருந்துச்சு, 1993-ல வெடி வச்சு இடிச்சாங்க. ‘கேசினோ’ படம் சொல்ற பழைய வேகஸ் மேலதான் இந்தப் படத்தோட புது வேகஸ் நிக்குது. இதுக்கு நடுவுல யாராவது ‘மங்காத்தா’வை ஏன் சொல்லலன்னு கேட்டா, அது மும்பைக் கதை மக்களே, ஆளை விடுங்க.

வேகஸ்ல தோத்த டைரக்டர் ஒருத்தர் இருக்கார், பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. ‘காட்ஃபாதர்’ எடுத்த மனுஷன்தான். 1982-ல ‘ஒன் ஃப்ரம் தி ஹார்ட்’னு ஒரு காதல் படம் எடுத்தார், கதை நடக்கிறது வேகஸ்ல. ஆனா வேகஸுக்குப் போகாம, தன்னோட ஸ்டூடியோவுக்குள்ளயே ரோடு, விளக்குப் பலகை, எல்லாத்தையும் செட்டு போட்டார். இரண்டரைக் கோடி டாலருக்கு மேல செலவு, வசூல் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடல. கடனை அடைக்கவே பல வருஷம் கூலிக்குப் படம் எடுத்தார். படம் பார்க்க அழகா இருக்கும், கதை காத்து மாதிரி. ஆனா செட்டு போட்ட வேகஸ்லயும் ஒருத்தர் வீட்டை இழக்க முடியும்னு நிரூபிச்சுட்டார்.

அவரோட பேத்தி ஜியா கொப்போலா 2024-ல ‘தி லாஸ்ட் ஷோகேர்ள்’ எடுத்தாங்க. தாத்தா பண்ணினதுக்கு நேர் எதிர், நிஜ வேகஸ்ல, 18 நாள்ல. பமேலா ஆண்டர்சன் முப்பது வருஷமா ஒரே நடன நிகழ்ச்சியில இறகுக் கிரீடம் வச்சு ஆடுறவங்க. திடீர்னு நிகழ்ச்சியை மூடறோம்னு சொல்லிடறாங்க. வேகஸ்ல ‘ஜூபிலி’ன்னு ஒரு பெரிய நிகழ்ச்சி 1981-ல இருந்து ஓடி 2016-ல நின்னுபோச்சு, அந்த மாதிரி. பமேலா நல்லாப் பண்ணியிருக்காங்க. ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஜேமி லீ கர்ட்டிஸ். கேசினோவுல டிரிங்க்ஸ் பரிமாறுற, வயசான ஒரு வெயிட்ரஸ். ஒரு இடத்துல ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவுல சின்ன மேடை மேல ஏறி ஆடுவாங்க. முழுப் பாட்டுக்கும் ஆடுவாங்க. ஒரு ஆள் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டான். எல்லாரும் மெஷினையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. வேகஸ்ல வேலை செய்யறவங்களைப் பத்தி இவ்வளவு கம்மியாப் படம் வந்திருக்கேன்னு அப்போதான் உறைச்சுது. நாம எப்பவும் ஆடுறவன், திருடுறவன், முதலாளி, இவங்களைத்தான் பார்த்திருக்கோம். பெட் ஷீட் மாத்துறவங்க எங்க?

சீக்கிரமா இன்னும் மூணு. ‘ரெய்ன் மேன்’, 1988, டஸ்டின் ஹாஃப்மன் சீட்டை மனசுலயே எண்ணி ஜெயிக்கிற சீன் இன்னைக்கும் சுகமா இருக்கு. கவனிங்க, ஜெயிச்சதும் கேசினோ பண்ற முதல் வேலை அவங்களைக் கிளம்பச் சொல்றது. சீட்டை மனசுல எண்ணுறது அங்க சட்டப்படி குற்றம் கிடையாது, ஆனா எண்ணுறவனுக்கு இடமும் கிடையாது. ‘ஹேங்ஓவர்’, 2009, சிரிப்புக்கு உத்தரவாதம், அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. ‘தி கூலர்’, 2003, வில்லியம் எச். மேஸி துரதிர்ஷ்டமே உருவான ஆள், ஜெயிக்கிறவன் பக்கத்துல இவன் போய் நின்னாலே அவன் தோத்துடுவான், அதுதான் இவனுக்குக் கேசினோவுல வேலை. ஜாதகத்துல சனின்னு சொல்ற நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரே நிமிஷத்துல கதை புரிஞ்சுடும். படம் நடக்கிறது வேகஸ்ல, எடுத்தது பெரும்பாலும் ரீனோல.

கடைசியா ‘லீவிங் லாஸ் வேகஸ்’. 1995, மைக் ஃபிக்கிஸ். நிக்கோலஸ் கேஜுக்கு ஆஸ்கர் கிடைச்ச படம். வேலை போன ஒரு திரைக்கதை எழுத்தாளர், செட்டில்மென்ட் பணத்தை எடுத்துக்கிட்டு வேகஸ் போறார், குடிச்சே செத்துப் போகணும்னு. சூதாட்டம் அனேகமா இல்லவே இல்லை. ஏன் வேகஸ்? அங்க பார் மூடுறதே கிடையாது, அதான். சூப்பர் 16 ஃபிலிம்ல, சின்ன யூனிட்டா எடுத்திருக்காங்க, அதனால அந்த விளக்கெல்லாம் பளபளன்னு தெரியாது, கலங்கித் தெரியும். இது ஜான் ஓ’பிரையன் எழுதின நாவல். படம் வெளியாகிறதுக்கு முந்தின வருஷம், 1994-ல, அவர் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார்.

இந்தப் படத்துல என்னை உலுக்கினது குடி இல்லை. அந்த ஊர்ல ஒரு ஆள்கூட அவரை ஒரு கேள்வி கேட்க மாட்டாங்க. ரூம் கொடுப்பாங்க, ஊத்திக் கொடுப்பாங்க, ‘சார்’னு கூப்பிடுவாங்க. காசு இருக்கிற வரைக்கும் எல்லாம் சிரிச்ச முகம். அவர்கூட இருக்கிற செராவையும், குடிக்காதேன்னு என்னைச் சொல்லக் கூடாதுன்னு முதல்லயே வாக்கு வாங்கிக்குவார். எலிசபெத் ஷூ அந்த வேஷத்துல அவ்வளவு நல்லாப் பண்ணியிருக்காங்க, ஆனா அந்தப் பொண்ணோட வாழ்க்கை இவரோட சாவுக்குத் துணையாவே நின்னுடுது, அது எனக்கு உறுத்தல்தான். இதைப் பெரிய காதல் கதைன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தடுக்காம இருக்கிறதை அவங்க காதல்னு நினைச்சுக்கறாங்க, படம் அதைத் தூரத்துல நின்னு பார்க்குது.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோட 2001 ‘ஓஷன்ஸ் லெவன்’. கல்யாணம் ஆனவங்க ‘லாஸ்ட் இன் அமெரிக்கா’, ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க, ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தா கட்டாயம் பாருங்க. ‘கேசினோ’ல ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம், அம்மா அப்பா ஹால்ல இருக்கும்போது வேண்டாம். ‘லீவிங் லாஸ் வேகஸ்’ மனசு சரியில்லாத நாள்ல தொடாதீங்க. உங்களுக்கோ கூட இருக்கிறவங்களுக்கோ குடி, கடன், சூதாட்டம்னு எதுலயாவது மூச்சு முட்டுச்சுன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயும் பேசுவாங்க. அடுத்த எபிசோட் பாரிஸ். நீங்க விட்டுட்டேன்னு நினைக்கிற வேகஸ் படம் எதுன்னு எழுதுங்க, ‘ஷோகேர்ள்ஸ்’னு மட்டும் எழுதாதீங்க.